சுங்கம் இருக்காது

ஜனவரி 30

காலையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். ஆள் வைத்தால் கூலி பேச வேண்டும். பேச வராது என்பதால் நானே இறங்கிவிட்டேன். இப்போது முழங்கால் வலிக்கிறது.

மாலையில் ஜெகதீசனின் அரிசி மில்லில் கட்சிக் கூட்டம். எளிய ஆட்சிக் கட்சியின் மாவடிபாளையம் நகரத் தலைவர் அவர்தான். பேரூராட்சித் தேர்தலில் இந்த முறை நாமும் நிற்கிறோம். சின்னம் கத்தரிக்கோல். ஏழாவது வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிற்க யாரும் கிடைக்கவில்லை. கடைசியில், சந்தையில் ஆட்டு வியாபாரம் செய்யும் திருமதி மயிலாத்தாள் வந்தார். கணவர் இறந்தபின் அந்த வியாபாரத்தைக் கையில் எடுத்தவர். வயது ஐம்பது இருக்கலாம். வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே கேட்டார்.

“நின்னா என்னத்தச் சொல்லி ஓட்டுக் கேக்கறதுங்க?”

நான் எழுதி வைத்திருந்த வாக்குறுதிகளை வாசித்தேன். நேற்று முழுவதும் அதற்குத்தான் செலவானது. பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“சார், இத்தனையும் சொன்னா எனக்கே நம்பிக்கை வராதுங்க. ஒண்ணே ஒண்ணு எழுதுங்க. சுங்கம் இருக்காது. அது போதும்.”

“மற்றதெல்லாம்?”

“சின்னந்தான் கத்தரிக்கோல் ஆச்சுங்களே. வெட்டிப்போடுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சற்று வருத்தம். ஆனால் வீட்டுக்கு வந்து, சந்தைச் சுங்கம் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

பிப்ரவரி 2

வசந்தி கோயமுத்தூரிலிருந்து பேசினாள். தேர்தல் வேலை செய்கிறேன் என்றதும் மகள் என்னைக் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

“அப்பா, அரசாங்கம் சின்னதா இருக்கோணும், உங்க பென்சன் மட்டும் பெருசா இருக்கோணும். அதானே உங்க கொள்கை?”

போனை வைத்தபிறகுதான் பதில் வந்தது. வணிக வரி அலுவலகத்தில் என் பணிக்காலம் முழுவதும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் நிற்கும் கடைக்காரர் எச்சில் விழுங்குவதைத் தினமும் பார்த்தேன். தப்பு செய்யாதவரும் விழுங்குவார். அதைப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன், புத்தகம் படித்து அல்ல. பெரிய கட்சிகள் இரண்டும் என்ன கொடுப்போம் என்றே பேசுகின்றன. எதை எடுக்காமல் விடுவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எளிய ஆட்சிக் கட்சி சொன்னது. ஓய்வு பெற்ற மாதமே சேர்ந்தேன்.

ஆனால் பென்சன் விஷயம் உண்மைதான். அதற்கு இன்னும் பதில் யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 9, புதன்

சந்தை நாள். திருமதி மயிலாத்தாளுடன் ஓட்டுக் கேட்கப் போனேன்.

சந்தையின் நுழைவாயிலில் குத்தகைதாரர் சின்னராசுவின் ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே போகும் ஒவ்வொரு ஆட்டுக்கும் அவர்களிடம் சுங்கம் கட்ட வேண்டும். பேரூராட்சி வருடாவருடம் இந்த வசூல் உரிமையை ஏலம் விடுகிறது. பலகையில் எழுதியிருப்பது ஒரு தொகை. வாங்குவது அதைப்போல் மூன்று மடங்கு. கேட்டால், ஆட்டை வெளியே ஓட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். அவ்வளவு வாங்கியும் உள்ளே குடிக்கத் தண்ணீர் இல்லை, பெண்கள் ஒதுங்க இடமில்லை.

உள்ளே நான் ஒரு அபத்தம் செய்துவிட்டேன். இங்கே விலையை வாயால் சொல்வதில்லை. கையின்மேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசிக்கொள்கிறார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாது. இது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தாடிக்காரப் பெரியவர் துண்டுக்குள்ளிருந்து கையை நீட்டியபோது, ஓட்டுக் கேட்க வந்தவனுக்குக் கைகொடுக்கிறார் என்று நினைத்துவிட்டேன். மரியாதையாக முழுக் கையையும் பற்றிக் குலுக்கினேன்.

“முடிஞ்சுது!” என்றார் அவர்.

திருமதி மயிலாத்தாள் சிரித்துச் சிரித்து ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். “சார், முழுக் கையப் புடிச்சா பேரம் முடிஞ்சுதுங்க. வெள்ளாட்டுக் குட்டி ஒண்ணு வாங்கிட்டீங்க!”

“எனக்குத் தெரியாதே. இப்போது வேண்டாம் என்று சொல்லலாம் இல்லையா?”

அவர் சிரிப்பு நின்றது. “சொல்லலாமுங்க. வயசானவீகன்னு உட்டுருவாங்க. ஆனா கை குடுத்தா குடுத்ததுதான். அத நம்பித்தான் இந்தச் சந்தையே நடக்குதுங்க. இங்க போலீசும் இல்ல, பத்திரமும் இல்ல.”

குட்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தேன். செம்பருத்திச் செடியில் இப்போது இலை இல்லை.

அரசாங்கமே இல்லாமல் ஒரு காரியம் ஒழுங்காக நடக்கும் என்பதற்கு நான் இத்தனை நாள் எடுத்துக்காட்டு தேடிக்கொண்டிருந்தேன். அது என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், புதன்கிழமைதோறும் நடந்துகொண்டிருக்கிறது.

பிப்ரவரி 14

ஏழாவது வார்டில் வீடு வீடாக. அவர் பேசுகிறார், நான் நோட்டீஸ் கொடுக்கிறேன். எந்த வீட்டிலும் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

ஒரு வீட்டில், “ரோடு போட்டுத் தருவீங்களாக்கா?” என்று கேட்டார்கள்.

“அதெனக்குத் தெரியாது கண்ணு. சந்தையில சுங்கத்த எடுப்பேன். அது மட்டுந்தான் சொல்லுவேன்.”

“அப்ப எனக்கென்ன ஆச்சு? எங்கட்ட ஆடே இல்ல.”

“ஆடு இல்லாட்டி என்ன, கறி திங்கறதில்லையா? ஆட்டு மேல போடற சுங்கம் கறியிலதான் வந்து சேருது.”

அந்த வீட்டில் எங்களுக்கு மோர் கிடைத்தது. வெளியே வந்ததும், நான் எழுதிய எந்த நோட்டீசும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. மிகைப்படுத்துவதாக நினைத்துக்கொள்வாரோ என்று தயக்கம்.

பிப்ரவரி 22

மயிலாத்தாள் ஜெயித்துவிட்டார். நாலாவது வார்டில் ஜெகதீசனும், பதினோராவதில் அவருடைய சித்தப்பா மகனும் ஜெயித்திருக்கிறார்கள். மொத்தம் பதினைந்து இடம். பெரிய கட்சிகள் இரண்டுக்கும் ஆளுக்கு ஆறு. நமக்கு மூன்று. அதாவது, யார் பேரூராட்சித் தலைவர் என்பது நம் மூவர் கையில்.

பட்டாசு வெடித்ததில் குட்டி மிரண்டு சமையலறைக்குள் புகுந்துவிட்டது. இரவு ரசம் இல்லாமல் சாப்பிட்டேன். அதுகூடத் தெரியாத அளவுக்குச் சந்தோஷம்.

பிப்ரவரி 26

மில்லில் கூட்டம். ஆளுங்கட்சியின் ஆளைத் தலைவராக்க நாம் ஓட்டுப் போடுவது. பதிலுக்கு ஜெகதீசன் துணைத் தலைவர். இதுதான் ஏற்பாடு.

மயிலாத்தாள் ஒரே கேள்வி கேட்டார். “சுங்கமுங்க?”

“எல்லாம் பேசியாச்சுங்க்கா. மொதத் தீர்மானமே அதுதான்,” என்றார் ஜெகதீசன்.

“அப்பச் சரிங்க.”

பெரிய கட்சிகளோடு சேரமாட்டோம் என்று நம் கொள்கை அறிக்கையிலேயே இருக்கிறது. அதை எழுதியவன் நான். ஞாபகப்படுத்தலாமா என்று யோசித்தேன். ஆனால் நடைமுறை தெரியாமல் பேசுகிறேனோ என்று தோன்றியது. மேலும், காபி வந்துவிட்டது.

மார்ச் 4

ஜெகதீசன் துணைத் தலைவர் ஆனார். சொன்னபடி மயிலாத்தாளும் ஓட்டுப் போட்டார்.

மார்ச் 9, புதன்

குட்டிக்குத் தழை வாங்கச் சந்தைக்குப் போனேன். தழை வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும். இருந்தாலும் நடப்பது உடம்புக்கு நல்லது.

மேற்குச் சுவர் ஓரத்தில், புளியமரத்தடியில் ஜெகதீசனும் சின்னராசுவும் நின்றிருந்தார்கள். இருவர் கைமேலும் துண்டு. விலை பேசுகிறார்கள் என்று புரிந்தது. ஜெகதீசன் வீட்டில் விசேஷம் ஏதாவது இருக்கலாம். ஆட்டைப் பார்க்கலாம் என்று கொஞ்சம் நெருங்கினேன்.

பக்கத்தில் ஆடு இல்லை.

வேறெங்காவது கட்டியிருப்பார்கள்.

மார்ச் 14

பேரூராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். ‘வாரச்சந்தை சுங்கம் வசூல் உரிமம், வரும் ஆண்டுக்கான பொது ஏலம்.’ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் படித்தேன்.

நேராக மில்லுக்குப் போனேன்.

“இந்த ஒரு வருசம் மட்டுந்தாங்க சார்,” என்றார் ஜெகதீசன். “சுங்கத்த எடுத்துட்டா சம்பளம் போட முடியாதுன்னு அதிகாரிக சொல்றாங்க. நீங்க வரி ஆபீசர். உங்களுக்குத் தெரியாததுங்களா?”

“ஆனால் நாம் சொன்னது...”

“வெளிய நிக்கறப்ப சொல்றது வேற. உள்ள வந்து பாத்தாத்தானுங்க தெரியுது. நீங்கதான் அழகா எழுதுவீங்களே. சனங்களுக்குப் புரியற மாதிரி ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க. ‘சுங்கத்தை முறைப்படுத்துகிறோம்’னு.”

அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. வருமானத்துக்கு மாற்று வழி காட்டாமல் ஒரு வரியை ரத்து செய்வோம் என்று நானும்தான் எழுதிவிட்டேன். வசந்தியின் பென்சன் கேள்விக்கே இன்னும் பதில் கிடைக்கவில்லை.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 16, புதன்

நோட்டீஸ் வரைவு எழுதினேன். ‘முறைப்படுத்துதல்’ என்ற சொல் நன்றாக உட்கார்கிறது. அடித்தேன். மீண்டும் எழுதினேன். ‘படிப்படியாக’ என்ற சொல்லும் நன்றாக உட்கார்கிறது. இந்த மாதிரி வாக்கியங்கள் எனக்குச் சுலபமாக வருகின்றன. அலுவலகப் பழக்கம்.

மாலையில் மயிலாத்தாள் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் வந்தார். பலகையில் இருப்பது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். ஜெகதீசன் சொன்ன காரணங்களையும் சொன்னேன். என் காதுக்கே அவரைவிட நான் நன்றாகச் சொன்னதாகப் பட்டது.

முழுதும் கேட்டுவிட்டு, “அந்தப் புளியமரத்துக்கடில நானும் பாத்தனுங்க சார்,” என்றார். “ஆடில்லாத பேரம். சந்தை பூராப் பாத்துச்சு.”

நான் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க சொல்றது எதுவும் தப்புன்னு நாஞ் சொல்லலீங்க. வருமானம் வேணும், சம்பளம் போடோணும். ஆனா நான் வார்டுல நின்னு கை குடுத்துட்டனுங்களே?”

அவர் போனபிறகு வரைவை முடித்தேன்.

மார்ச் 17

வருந்தத்தக்க நிகழ்வு. மேசைமேல் வைத்திருந்த நோட்டீஸ் வரைவைக் குட்டி தின்றுவிட்டது. மேசையிலிருந்த தாள் முற்றத்துக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. காற்றாக இருக்கலாம்.

ஜெகதீசனுக்குப் போன் செய்து சொன்னேன். திரும்ப எழுத முடியுமா என்று கேட்டார். அதே நடை மறுபடி வருமா என்பது சந்தேகம் என்றேன். வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்கிறேன் என்றார். கோபம் மாதிரி தெரிந்தது.

இரவு நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 21

ஏலம் நடந்தது. வழக்கமாக வருகிற வேறு ஆட்கள் ஒருவரும் வரவில்லையாம். மீண்டும் சின்னராசுதான். இந்த முறை அவருக்கு ஒரு பங்காளி உண்டு என்று டீக்கடையில் சொல்கிறார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை.

பால்காரரிடம் நாளையிலிருந்து அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 25

ஏலத்தை உறுதி செய்ய இன்று பேரூராட்சிக் கூட்டம். பார்வையாளராக உள்ளே உட்காரலாம் என்று விதி இருக்கிறது. நான் வராந்தா ஜன்னலோரம் நின்றேன். காற்றோட்டம்.

தீர்மானத்தை வாசித்ததும் மயிலாத்தாள் எழுந்தார். பச்சைச் சேலை. கையில் தாள் எதுவும் இல்லை.

“நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி ஓட்டு வாங்குனனுங்க. சுங்கம் இருக்காதுன்னு. அதனால இதுக்கு நான் ஒத்துக்க முடியாதுங்க.”

தலைவர் சிரித்தார். “உங்க கட்சியே ஆதரிக்குது. நீங்க மட்டும் ஏனுங்கம்மா கட்சி மாறறீங்க?”

“நான் நின்ன எடத்துலயேதானுங்க நிக்கறேன். கட்சிதான் என்னைய உட்டுட்டு மாறிப்போச்சு.”

ஜெகதீசன் தாழ்ந்த குரலில், “அக்கா, உக்காருங்க. இதெல்லாம் அப்பறமாப் பேசிக்கலாம்,” என்றார்.

“அப்பறம் பேசறதுக்கு என்றகிட்டத் துண்டு இல்லீங்களே.”

எதிர்வரிசையில் ஒருவர் களுக்கென்றார். அதன்பின் கூடம் முழுவதும், கதவோரம் நின்ற பியூன் உட்பட, சிரித்தது. ஜெகதீசனின் காது சிவந்ததை ஜன்னலிலிருந்தே பார்க்க முடிந்தது.

ஆனால் சிரிப்புக்கு ஓட்டு இல்லை. எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்த ஏழு பேரில் ஆறு பேர் போன ஆட்சியில் இதே சின்னராசுவுக்கு ஏலம் விட்டவர்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களில் ஒருவர் வந்து, “அக்கா, எங்க பக்கம் வந்துருங்க,” என்று கூப்பிட்டார்.

“நீங்க அந்தப் பக்கம் போனா அவங்க, அவங்க இந்தப் பக்கம் வந்தா நீங்க. ரெண்டும் ஒண்ணுதான், எனக்கெதுக்குங்க?” என்றார் மயிலாத்தாள்.

கைதட்ட வேண்டும் என்று தோன்றியது. என் கைகள் பின்னால் கட்டியபடியே இருந்தன.

இத்தனை வருடம் நான் சிறிய அரசாங்கம் என்று பேசியது ஒரு கொள்கையை. அவருக்கு அது கொள்கை அல்ல. எடுக்கமாட்டேன் என்றால் எடுக்கக் கூடாது. அதற்குமேல் அவரிடம் ஒன்றும் இல்லை, அதற்குக் கீழும் இறங்கமாட்டார். இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை என்று எழுதினால் மிகையாகுமா? ஆகாது.

மார்ச் 28

மயிலாத்தாளைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

மார்ச் 29

என் உறுப்பினர் அட்டையை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

ஏப்ரல் 2

குட்டியை மயிலாத்தாளிடமே கொடுத்துவிட்டேன். என்னிடம் இருந்தால் தோட்டம் மிஞ்சாது. நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்றார். அதுவாகத்தான் வளர்ந்தது.

ஏப்ரல் 6, புதன்

புதிய குத்தகையில் முதல் சந்தை. அவர் வாசலில் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். நான் மட்டுமல்ல, டீக்கடையில் பாதிப் பேர் அதைப் பார்க்கவே வந்திருந்தார்கள்.

சின்னராசு தானே நாற்காலியில் இருந்தார். “கவுன்சிலரம்மா, உங்களுக்கு வேணா தள்ளுபடி போட்டுரலாமுங்க.”

“வேண்டாமுங்க. எல்லாருக்கும் என்னவோ அதையே போடுங்க.”

கட்டிவிட்டு ஆடுகளை உள்ளே ஓட்டினார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வெளியே வரும்போது நின்று சொன்னார்.

“ஆடு வித்தாத்தானுங்க சார் சோறு. இது தோத்ததுக்குக் கட்டறது. ஆனா என்ற வார்டுக்காரங்களுக்கு இன்னும் கட்ட வேண்டியது பாக்கி இருக்குது.”

“என்ன அது?”

“ஓட்டுக் கேக்க ஊடு ஊடாப் போனமுல்ல? முடியலேன்னு சொல்லவும் ஊடு ஊடாப் போகோணுமுங்க. ஞாயித்துக்கெழமை ஆரம்பிக்கறேன். நீங்க வரோணும்னு இல்லீங்க.”

ஏப்ரல் 10, ஞாயிறு

போனேன்.

இப்படி ஒரு காரியத்தை யாரும் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. ஜெயித்த கவுன்சிலர் வாசலில் நின்று, “சுங்கம் இருக்காதுன்னு சொல்லி உங்க ஓட்ட வாங்குனனுங்க. இருக்குது. என்னால முடியலீங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்,” என்கிறார். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. யார் பெயரையும் எடுக்கவில்லை.

முதல் வீட்டில், “இதச் சொல்லவா வெய்யல்ல வந்தீங்க?” என்று தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டுக் கிழவர் திட்டினார். மயிலாத்தாள் முழுவதும் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். மோர் கொடுத்த வீட்டில் அந்தப் பெண், “அப்ப அடுத்த தடவ யாருக்குக்கா போடறது?” என்று கேட்டாள்.

“தெரியலையே கண்ணு.”

“நீங்க நின்னா உங்களுக்கே போட்டுருவேன்.”

“நின்னாலும், முடியற ஒண்ண மட்டுந்தான் சொல்லுவேன். அது என்னன்னு இன்னும் தெரியல.”

மதியத்துக்குள் அவர் குரல் கட்டிப்போனது. அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. நாளைக்குத் தொடரலாம் என்று சைகையில் சொன்னார். மீதி வீடுகள் எவை எவை என்று தெரு வாரியாக மனதில் ஒழுங்கு செய்துகொண்டு வந்தேன்.

ஏப்ரல் 11

மயிலாத்தாளுக்குக் குரல் இன்னும் திரும்பவில்லை. கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று புரிந்தது. அவர் சரி என்று தலையசைத்துவிட்டார்.

முதல் மூன்று வீடுகளில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான்காவதில் பரவாயில்லை. கோயில் தெருவின் கடைசிக்கு வந்தபோது அவர் என் சட்டைக் கையைத் தொட்டு நிறுத்தினார். அடுத்தது ஜெகதீசன் வீடு. அவர் நின்றது நாலாவது வார்டாக இருந்தாலும் குடியிருப்பதும் ஓட்டு இருப்பதும் ஏழாவதில்தான். இதை விட்டுவிடலாம் என்று மயிலாத்தாள் கையால் காட்டினார்.

விட்டுவிடலாம்தான். அந்த மில்லில்தான் இத்தனை வருடம் என் மாலைப் பொழுதுகள் போயின. எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆனால் ஒரு வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக எனக்கு வரவில்லை.

“வரிசையில வருதுங்க,” என்றேன். அழைப்பு மணியை அழுத்தினேன்.

ஜெகதீசனே கதவைத் திறந்தார். என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது. பின்னால் மயிலாத்தாளைப் பார்த்ததும் சுருங்கியது. “வாங்க சார். என்னங்க?”

“சுங்கம் இருக்காது என்று சொல்லி உங்கள் ஓட்டைக் கேட்டோம். இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தோம்.”

“எங்கிட்டயே வந்து சொல்றீங்களா சார்?” சிரிக்கப் பார்த்தார்.

“நீங்களும் இந்த வார்டு ஓட்டர்தானுங்களே.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி வந்து கதவருகில் நின்றார்.

“நானுந்தானுங்க அந்த அக்காளுக்குப் போட்டேன்,” என்றார். “எனக்கும் சொல்லுங்க.”

ஜெகதீசன் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.